பீட்ரூட் சோதனை சொதப்பினால்: சிவப்பு எந்த வழியாக வந்தது?

தாவரச் செல் சவ்வின் ஊடுருவும் தன்மையை வெப்பநிலை எப்படி மாற்றுகிறது என்று காட்டுவதற்கு பீட்ரூட்டைவிட வசதியான காய் இல்லை. நறுக்கு, வெவ்வேறு சூட்டில் வை, வெளியே வரும் சிவப்பை அள. எழுதினால் ஒரே வரி. ஆனால் தாவரவியல் செய்முறை வகுப்பில் வருஷா வருஷம் இதைச் செய்ய வைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் தடவையிலேயே ஒழுங்கான வரைபடம் கிடைத்த மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சரியாக நடந்தால் என்ன நடக்கும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1 செ.மீ. கார்க் துளைப்பானால் பீட்ரூட்டில் உருளை எடுத்து, 2 மி.மீ. கனத்தில் வில்லைகளாக நறுக்கி, நன்றாகக் கழுவுகிறோம். ஐந்தைந்து வில்லைகளாக டீ வடிகட்டியில் போட்டு 30, 40, 50, 60, 70 டிகிரி தண்ணீரில் சரியாக ஒரு நிமிடம் முக்கி எடுக்கிறோம். உடனே ஒரு குழாயில் அறை வெப்பநிலையில் இருக்கும் 10 மி.லி. வாலை வடிநீருக்கு (டிஸ்டில்டு வாட்டர்) மாற்றி 20 நிமிடம் விடுகிறோம். அப்புறம் வில்லைகளை எடுத்துவிட்டுத் தண்ணீரின் நிறத்தைக் கலரிமீட்டரால் அளக்கிறோம். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி அது. 40 வரை தண்ணீர் கிட்டத்தட்ட தெளிவாகவே இருக்கும். 50-க்கும் 60-க்கும் நடுவில் எங்கோ மடை திறந்ததுபோல் சிவப்பு வரும். அதற்கு மேல் பெரிதாக ஏறாது. கொடுக்க வேண்டியதைச் செல் கொடுத்து முடித்திருக்கும்.

பீட்ரூட்டின் சிவப்புக்கு பீட்டானின் என்று பெயர். அது செல்லின் நடுவே வாக்குவோல் என்ற சாறு நிறைந்த பைக்குள் கரைந்து கிடக்கிறது. வெளியே வர இரண்டு சவ்வுகளைத் தாண்ட வேண்டும்: வாக்குவோலைச் சுற்றியிருக்கும் டோனோபிளாஸ்ட், அதற்கு வெளியே பிளாஸ்மா சவ்வு. நீரில் கரையும், உருவத்திலும் பெரிய மூலக்கூறு என்பதால் சவ்வு முழுசாக இருக்கும் வரை அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே வெளியே சிவப்பு தெரிந்தால் சவ்வு விட்டுவிட்டது என்று எழுதுகிறோம். சிக்கல் இந்த 'ஆகவே'யில்தான் இருக்கிறது. சிவப்பு வெளியே வர வேறு வழிகளும் உண்டு. வந்த சிவப்பு காணாமல் போகவும் வழி உண்டு. கீழே உங்கள் கோளாறு எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் எந்தக் கோளாறானாலும் முதலில் குழாயைக் கையில் எடுத்து, இந்தச் சிவப்பு எந்த வழியாக வந்தது என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

30 டிகிரி குழாயே ரோஸ் ஆகிவிட்டது

அதிகம் வரும் புகார் இதுதான். அநேகமாக எப்போதும் ஒரே காரணம்: கத்தி. வில்லையை நறுக்கும்போது வெட்டுப்பட்ட செல்களெல்லாம் உடைந்து, அவற்றிலிருந்த சாயம் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது சவ்வு வழியாகக் கசிந்த சாயம் கிடையாது. சவ்வே இல்லாமல் கொட்டியது. வீட்டில் பீட்ரூட் நறுக்கினால் பலகை சிவந்து கிடக்குமே, அதே சிவப்பு.

இதற்குக் கழுவுவதுதான் மருந்து. ஆனால் 'ஒரு தடவை அலசிட்டோம் சார்' என்பது போதாது. பீக்கரில் நிறையத் தண்ணீர் விட்டு, மெதுவாகச் சுழற்றி, கொட்டி, மறுபடியும் விடுங்கள். முதல் தண்ணீர் ரத்தம்போல் இருக்கும், மூன்றாவது ரோஜாப்பூ நிறத்துக்கு வரும். ஆறாவதோ ஏழாவதோ வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தாலும் நிறம் தெரியாது. அங்கே நிறுத்தாமல் கால் மணி நேரம் அப்படியே ஊறவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் தெளிவாக இருந்தால்தான் சோதனையைத் தொடங்கலாம். கழுவி முடித்ததும் டிஷ்யூ தாளில் ஒற்றி எடுங்கள். பிழியக் கூடாது, இடுக்கியால் அழுத்திப் பிடிக்கவும் கூடாது. இடுக்கி பதிந்த இடத்திலும் செல் உடையும்.

மழுங்கிய பிளேடும் இதே கோளாறைத் தரும். கூர்மையானது ஒரு வரிசை செல்லை வெட்டும். மழுங்கியது நான்கைந்து வரிசையை நசுக்கிவிடும். ஒரு பிளேடு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ, புதிதாகப் போடுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் 30-இல் லேசான நிறம் இருந்தால் கவலைப்பட வேண்டாம். அது உங்கள் அடித்தளம். சூடே காட்டாத ஐந்து வில்லைகளைத் தனியாக ஒரு குழாயில் வைத்து, அதன் ரீடிங்கை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

ரீடிங் தாறுமாறு: 40-இல் ஏறுகிறது, 50-இல் இறங்குகிறது

வெப்பநிலை ஒழுங்காக ஏறும்போது நிறம் மட்டும் ஏறி இறங்கினால், குழாய்க்குக் குழாய் போட்ட சரக்கு ஒன்றாக இல்லை என்று பொருள். பீட்ரூட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். அடர்ந்த வளையமும் வெளிறிய வளையமும் மாறி மாறி வரும். இயல்பு மாறிய இரண்டாம் நிலை வளர்ச்சிக்கு உதாரணமாக நாம் படம் வரைகிறோமே, அதே வளையங்கள்தான். ஒன்றுக்கு மேற்பட்ட கேம்பியங்கள் (வேரைப் பருக்கவைக்கும் செல் அடுக்குகள்) அடுத்தடுத்து உண்டாவதால் வருபவை. ஒரு வில்லையில் அடர்ந்த வளையம் அதிகமாகவும் இன்னொன்றில் வெளிறியது அதிகமாகவும் இருந்தால், உள்ளே இருக்கும் சாயமே வேறு அளவு. வெப்பநிலை பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

ஒரே காயிலிருந்து எல்லா உருளைகளையும் எடுங்கள். நறுக்கிய வில்லைகளை ஒரே கிண்ணத்தில் போட்டுக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்தைந்தாக எடுங்கள். முதல் உருளை 30-க்கு, இரண்டாவது 40-க்கு என்று பங்கு போடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு.

எடை போட்டுவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. 1 செ.மீ. விட்டமும் 1 செ.மீ. நீளமும் கொண்ட உருளையின் மொத்தப் பரப்பு சுமார் 4.7 சதுர செ.மீ. அதையே நான்கு வில்லைகளாக வெட்டினால் 9.4. எடை அதேதான், தண்ணீரில் படும் பரப்பு இரண்டு மடங்கு. ஒரு குழாயில் தடித்த மூன்று துண்டும் இன்னொன்றில் மெலிந்த ஆறு துண்டும் போட்டு எடையைச் சமன் செய்தால், நீங்கள் அளப்பது வெட்டிய பரப்பைத்தான்.

குழாயைக் குலுக்காமல் ரீடிங் எடுப்பதும் தாறுமாறுக்கு ஒரு காரணம். சாயம் அடியில் வில்லையைச் சுற்றியே தங்கிவிடும். எல்லாக் குழாயையும் ஒரே மாதிரி மூன்று தடவை கவிழ்த்து நிமிர்த்திவிட்டு எடுங்கள்.

50-இல் ஒன்றுமில்லை, 60-இலும் லேசாகத்தான்

வெப்பமானி எங்கே இருந்தது என்று பாருங்கள். வாட்டர் பாத்தில் (தண்ணீரை ஒரே சூட்டில் வைத்திருக்கும் தொட்டி) வெப்பமானியை விட்டு 60 என்று குறித்துக்கொண்டு, குளிர்ந்த தண்ணீர் உள்ள தடித்த கண்ணாடிக் குழாயில் வில்லையைப் போட்டு உள்ளே இறக்கியிருப்பீர்கள். வெளியே 60 இருந்தாலும் குழாய்க்குள் அந்த ஒரு நிமிடத்தில் 40-ஐத் தாண்டியிருக்காது. வில்லையை நேராகச் சூடான தண்ணீரில் முக்கச் சொல்வது இதனால்தான். 2 மி.மீ. வில்லைக்குள் சூடு சில நொடிகளில் இறங்கிவிடும். குழாயில்தான் செய்வேன் என்றால், தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கி, பக்கத்தில் ஒரு வெற்றுக் குழாயில் அதே அளவு தண்ணீர் விட்டு அதற்குள் வெப்பமானியை வையுங்கள்.

பாத் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. 70-இல் தொடங்கிக் கீழே இறங்குங்கள். ஒரே பீக்கர் போதும், அடுத்த அளவுக்குப் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றினால் தானாக வந்துவிடும். 30-இல் தொடங்கி மேலே ஏற்றினால் அடுப்பு எப்போதும் உங்களை முந்திக்கொண்டு போகும்.

ஊட்டியில் செய்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று: சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 'கொதிநீர் = 100' என்று அட்டவணையில் எழுதாதீர்கள்.

70-ஐத் தாண்டியதும் சிவப்பு குறைகிறது

இந்தக் கோளாறு எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் மாணவர்கள் எழுதும் விளக்கங்கள் சுவாரசியமாக இருக்கும். 'அதிக வெப்பத்தில் சவ்வு மீண்டும் மூடிக்கொள்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார். வெந்த சவ்வு எங்கே மூடுவது!

நடந்தது வேறு. பீட்டானினுக்குச் சூடு ஆகாது. நீண்ட நேரம் சூட்டில் கிடந்தால் சிதைந்து, சிவப்பு மங்கி, பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறமாகும். பீட்ரூட் பொரியலை அடுப்பில் மறந்துவிட்டால் வரும் அதே நிறம். வில்லைகளை 80 டிகிரித் தண்ணீரிலேயே 20 நிமிடம் விட்டிருந்தால், சவ்வு நிறையச் சாயத்தை வெளியே விட்டிருக்கும், வெளியே வந்த சாயத்தைச் சூடு தின்றிருக்கும். கலரிமீட்டருக்கு மிச்சம் மட்டும்தான் தெரியும்.

இதைச் சோதிப்பது சுலபம். 60 டிகிரிக் குழாயிலிருந்து வில்லை இல்லாத சிவப்புத் தண்ணீரை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றை மேசையில் வையுங்கள், இன்னொன்றை 80 டிகிரியில் 20 நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். இரண்டையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். சவ்வே இல்லாத இடத்தில் நிறம் குறைந்தால், பழி சவ்வின் மேல் போகாது. ஆறிய பிறகு கொஞ்சம் நிறம் திரும்புவதும் உண்டு, அதனால் சூட்டோடு ரீடிங் எடுக்க வேண்டாம்.

ஒரு நிமிடம் மட்டும் சூடு, பிறகு குளிர்ந்த தண்ணீரில் கசிவு என்று பிரித்து வைத்ததற்கு இதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணமும் உண்டு. சூடான தண்ணீரில் எந்த மூலக்கூறும் வேகமாகப் பரவும். எல்லாக் குழாயும் ஒரே வெப்பநிலையில் கசிந்தால்தான் சவ்வில் வந்த மாற்றத்தைத் தனியாகப் பார்க்க முடியும். முக்கும் அந்த ஒரு நிமிடத்தில் கொஞ்சம் சாயம் பீக்கருக்குள் போகத்தான் செய்யும். சூடு கூடக் கூட அந்த இழப்பும் கூடும், அதனால் நிமிடத்தை நீட்டாதீர்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்த துண்டு எல்லாவற்றையும்விடச் சிவப்பு

குளிரில் கசிவு குறையும் என்று எதிர்பார்த்து 0 டிகிரிக்கு ஒரு குழாய் வைக்கிறார்கள். அதுவே அடர்சிவப்பாகி நிற்கிறது. துண்டு எங்கே இருந்தது என்று கேட்டால், ஃப்ரீசரில்.

ஐஸ் போட்ட தண்ணீரும் ஃப்ரீசரும் ஒன்றல்ல. ஐஸ் தண்ணீரில் வில்லை உறையாது. சர்க்கரையும் உப்பும் கரைந்த செல் சாறு 0-க்குச் சற்றுக் கீழே போனால்தான் உறையும். அதனால் ஐஸ் தண்ணீரில் கசிவு மிகக் குறைவாகவே இருக்கும். ஃப்ரீசரில் பனிப்படிகங்கள் வளர்ந்து, செல்லிலிருந்து நீரை இழுத்து, சவ்வைக் கிழிக்கின்றன. உறைந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது. உருகியதும் அத்தனை சாயமும் வெளியே ஓடிவரும். இது தப்பான முடிவு அல்ல, கேள்விதான் வேறு. 'உறைதல்' என்று தனி வரிசையில் எழுதுங்கள். வெப்பநிலைக் கோட்டோடு சேர்த்து வரையாதீர்கள்.

உறையாமலேயே குளிரில் சவ்வு கெடும் செடிகளும் உண்டு. வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுப்பது ஊருக்கே தெரியும். சுமார் 13 டிகிரிக்குக் கீழே வாழைக்கு ஆகாது. சவ்வின் கொழுப்பு இறுகி, கசிவு வந்து, வாக்குவோலில் அடைபட்டிருந்த ஃபீனால் பொருள்களும் வேறு அறையில் இருந்த நொதியும் சந்தித்துக்கொள்கின்றன. அந்தக் கறுப்பு அதன் விளைவு. இறுகுவது என்றால் என்ன என்று புரிய மார்கழி மாதத்துச் சமையலறை போதும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிவிடும், பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அமிலம் அதிகம், நல்லெண்ணெயில் நிறைவுறாதது அதிகம். குளிர்ப் பிரதேசப் பயிர்களின் சவ்வில் நிறைவுறாதவை கூடுதலாக இருப்பதால் அவை குளிரிலும் நெகிழ்வாக இருக்கின்றன. பீட்ரூட் அந்தக் கூட்டம். அதனால் குளிர்க் கசிவைக் காட்ட பீட்ரூட்டை எடுக்காதீர்கள், ஏமாற்றிவிடும்.

கலரிமீட்டர் அசையவே மாட்டேன் என்கிறது

ஃபில்டரைப் பாருங்கள். நான் மாணவனாக இருந்தபோது, கரைசல் சிவப்பு என்பதால் சிவப்பு ஃபில்டர் போட்டு ஒரு மதியம் முழுக்க வீணாக்கினேன். சிவப்புத் தண்ணீர் சிவப்பு ஒளியை விட்டுவிடும், அது விழுங்குவது பச்சையை. பீட்டானின் 535 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில்தான் அதிகம் உறிஞ்சுகிறது, எனவே பச்சை ஃபில்டர்.

வரைபடம் தலைகீழாக வந்தால், ஒளி உறிஞ்சலுக்குப் பதிலாக ஊடுருவிய ஒளியின் சதவீதத்தை எழுதியிருக்கிறீர்கள். மறுபடி செய்ய வேண்டியதில்லை: 2-லிருந்து அந்தச் சதவீதத்தின் மடக்கையைக் கழித்தால் உறிஞ்சல் கிடைக்கும். 50 சதவீதம் என்றால் 0.30, 10 சதவீதம் என்றால் 1. அடர்ந்த குழாய்கள் எல்லாம் ஒரே எண்ணைக் காட்டினால் கருவியின் எல்லை தாண்டிவிட்டது. எல்லாக் குழாயையும் ஒரே அளவில் நீர்த்துவிடுங்கள்.

தண்ணீர் ஊதாவாக, மஞ்சளாக இருக்கிறது

பீட்டானின் பி.எச். 3 முதல் 7 வரை சிவப்பாக நிற்கும். லேசான காரத்தில் நீலம் கலந்த ஊதா, கடுங்காரத்தில் மஞ்சள். சலவை சோடா போட்டுக் கழுவிய குழாயைச் சரியாக அலசவில்லை, அல்லது போர் தண்ணீரில் செய்கிறீர்கள். வாலை வடிநீர் கிடைக்காவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி ஆசிட் வேறு, கடையில் தெளிவாகக் கேளுங்கள்.

பச்சை இலையில் செய்தேன், நிறமே வரவில்லை

வராது. பச்சையம் நீரில் கரையாது, பசுங்கணிகத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இலையில் கசிவதை அளக்க உப்பைப் பாருங்கள், அதாவது மின்கடத்துத் திறன். பொட்டாசியம் முதலான அயனிகள் சவ்வு தளர்ந்ததும் தண்ணீருக்கு வரும். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டெக்ஸ்டரும் உடன் ஆய்வு செய்தவர்களும் பயிர்கள் குளிரை எவ்வளவு தாங்குகின்றன என்று பார்க்கப் பயன்படுத்திய முறை, இன்றும் வறட்சிக்கும் வெயிலுக்கும் தாங்கும் ரகங்களைப் பிரிக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

வில்லைகளை வைத்த தண்ணீரில் ஒரு ரீடிங், அதே குழாயை வில்லையோடு கொதிக்கவைத்து ஆறிய பிறகு இன்னொரு ரீடிங். முதலாவது 65, இரண்டாவது 405, வெறும் தண்ணீர் 5 மைக்ரோசீமென்ஸ் என்றால், 60-ஐ 400-ஆல் வகுத்துக் கசிவு 15 சதவீதம். இலைக்கு இலை உப்பின் அளவு மாறினாலும் இந்த விகிதம் ஈடு செய்துவிடும். சதவீதம் நம்பும்படி இல்லையென்றால் பெரும்பாலும் ஆறாமலே அளந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் கடத்துத் திறன் சுமார் 2 சதவீதம் ஏறும். தொடக்கத்திலேயே எண் எகிறினால் விரல் வியர்வை, கையுறை போடுங்கள்.

வரைபடம் அருமை, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொண்டோம்

'சூட்டில் செல் சுவர் உடைந்து சாயம் வந்தது' என்று சொல்லியிருப்பீர்கள். செல் சுவர் பீட்டானினை முதலிலிருந்தே தடுக்கவில்லை, அதில் சாயம் தாராளமாகப் போய்வரும். தடுத்தவை இரண்டு சவ்வுகள். 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த பாய்ம மொசைக் மாதிரியை நினைத்துக்கொள்ளுங்கள்: இரட்டை அடுக்குக் கொழுப்பு, அதில் மிதக்கும் புரதங்கள். சூடு ஏற ஏறக் கொழுப்பு மூலக்கூறுகளின் ஆட்டம் கூடி அடுக்கு நெகிழ்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. 50-ஐ ஒட்டி புரதங்கள் உருக்குலையத் தொடங்கும்போது அடுக்கில் ஓட்டைகள் விழுகின்றன. கோடு அங்கே சட்டென்று செங்குத்தாக ஏறுவது இதனால்.

அடுத்த கேள்வி, 'கலரிமீட்டர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பாய்?' என்று வரும். 30 டிகிரி வில்லை ஒன்றை இரண்டு விரலால் வளையுங்கள், டக்கென்று ஒடியும். 60 டிகிரி வில்லை ரப்பர்போல் வளைந்து திரும்பும். ஒரு நிமிடச் சூட்டில் அது வேகவில்லை. சவ்வு விட்டதால் செல்லுக்குள் இருந்த விறைப்பழுத்தம் இறங்கிவிட்டது. தேர்வாளர் முன்னால் இரண்டு வில்லையையும் வளைத்துக் காட்டுங்கள். காட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள், ரெக்கார்டு நோட்டில் சிவப்பு ஒட்டினால் போகாது.